ரூபாய்க்கு மூன்று காசு! மங்காத்தாவில் தோற்காதவர் யார்?

மீன் வியாபாரத்தில் நஷ்டம் வரும். மழை பிடித்துக்கொண்டால் பூ வியாபாரத்தில் நஷ்டம் வரும். நூல் விலை ஏறினால் தறி நின்றுபோகும். ஆனால் ஒரு சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்துகிறவர் மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறாரே, அது எப்படி?

"அவன் ஏமாற்றுகிறான்" என்று தோற்றவர்கள் சொல்வார்கள். சில இடங்களில் அதுவும் உண்டு. நடைபாதையில் மூன்று சீட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ராணி எங்கே, சொல்லுங்கள்" என்று கேட்கிறவனிடம் இருப்பது கை வித்தை. அந்தச் சங்கதி வேறு.

இங்கே சொல்லப்போவது ஏமாற்றே இல்லாத ஆட்டத்தைப் பற்றி. சீட்டு சுத்தமாகக் கலைக்கப்படுகிறது. எல்லோர் கண் முன்னாலும் போடப்படுகிறது. ஜெயித்தவருக்குப் பணம் உடனே கொடுக்கப்படுகிறது. அப்படியும் கடைசியில் பணம் ஒரே பக்கம்தான் போய்ச் சேருகிறது. காரணம், ஆட்டத்தின் விதிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கணக்கு.

அழுகாத சரக்கு

சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை வியாபாரத்துக்கென்றே பிறந்த இடம். 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுப்பதற்காக நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. "சின்னத் தறிப் பேட்டை" என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். கூவம் வளைந்து சுற்றிப் போகும் இந்தப் பேட்டையைச் சொன்னால், இன்றைக்கு முதலில் மீன் மார்க்கெட்தான் பலருக்கு நினைவு வரும்.

அந்த மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கும் ஓர் அம்மாளை எண்ணிப் பாருங்கள். ரூ.100-க்கு வாங்கியதை ரூ.115-க்கோ ரூ.120-க்கோ விற்கப் பார்க்கிறாள். ஐஸ் செலவு உண்டு, வண்டிக் கூலி உண்டு. பொழுது ஏறி வெயில் வந்தால் விலையை இறக்க வேண்டும். விற்காமல் நின்றது அவள் தலையில். நூற்றுக்குப் பதினைந்து, இருபது வைத்து விற்கிற அவள் பணக்காரியாகிவிடவில்லை.

சீட்டாட்டம் நடத்துகிறவரோ நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட முழுசாக எடுப்பதில்லை. ஆனால் அவர் சரக்கு அழுகாது. ஐஸ் வேண்டாம், வண்டி வேண்டாம். அதே நூறு ரூபாய் ஒரு மணி நேரத்தில் அறுபது தடவை அவர் முன்னால் வந்து போகும். ரகசியம் முழுவதும் அந்த அறுபதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஆட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

உள்ளே, வெளியே

மங்காத்தா என்றால் தெரியாதவர்கள் குறைவு. 2011-ல் அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்து பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. வடக்கே இதே ஆட்டத்துக்கு "அந்தர் பாஹர்" என்று பெயர். அதற்கும் "உள்ளே, வெளியே" என்றுதான் அர்த்தம். கோவாவில் மண்டோவி நதியில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களிலும் இந்த ஆட்டத்துக்குத் தனி மேஜை போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் மிகச் சுலபம். 52 சீட்டையும் கலைத்து, ஒரு சீட்டை எடுத்து எல்லோரும் பார்க்க நடுவில் வைப்பார்கள். அது ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீதிச் சீட்டுகளை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவார்கள். இன்னொரு ஏழு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் பணம் கட்டியவர்களுக்கு ஜெயம். மற்றப் பக்கம் கட்டியவர்கள் பணம் போயிற்று. இடத்துக்கு இடம் விதி கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான்.

இரண்டே பக்கம். ஒன்று இது, இல்லாவிட்டால் அது. ஆகவே ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்குப் பாதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேதான் தவறு!

முதல் சீட்டின் மகிமை

ஒரு மாமரத்தில் ஒரே ஒரு பழம் தொங்குகிறது. இரண்டு சிறுவர்கள் ஆளுக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி எறிகிறார்கள். குறி பார்ப்பதில் இருவரும் சமம். பழம் யாருக்குக் கிடைக்கும்? முதலில் எறிகிறவனுக்குத்தான் கொஞ்சம் அதிகமாக வாய்ப்பு. அவன் முதல் கல்லிலேயே விழுத்திவிட்டால் இரண்டாமவனுக்குக் கல்லை எடுக்கவே சந்தர்ப்பம் இல்லையே!

மங்காத்தாவிலும் அதே கதைதான். நடுவில் ஏழு வைத்த பிறகு மிச்சம் 51 சீட்டுகள். அவற்றில் ஏழுகள் மூன்று. முதல் சீட்டே ஏழாக இருக்க 17-ல் 1 பங்கு வாய்ப்பு. அது முழுக்க முதல் பக்கத்துக்குச் சொந்தம்.

கணக்கை முடிவு வரை போட்டுப் பார்க்கலாம். 51 இடங்களில் மூன்று ஏழுகள் அமர்ந்திருக்கக்கூடிய வகைகள் மொத்தம் 20,825. அவற்றில் முதல் சீட்டு விழும் பக்கம் ஜெயிப்பவை 10,725. அடுத்த பக்கம் ஜெயிப்பவை 10,100. அதாவது, நூறு ஆட்டத்துக்குச் சராசரி முதல் பக்கத்துக்கு 51½. அடுத்த பக்கத்துக்கு 48½. வித்தியாசம் மூன்று.

"அப்படியானால் எப்போதும் முதல் பக்கமே கட்டிவிட்டால் போயிற்று!" என்று நீங்கள் துள்ளி எழுவது தெரிகிறது. பொறுங்கள். ஆட்டம் நடத்துகிறவர் உங்களுக்கு முன்பே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். முதல் பக்கம் ஜெயித்தால் ரூ.100-க்கு ரூ.100 கொடுக்க மாட்டார், ரூ.90-தான் கொடுப்பார். அடுத்த பக்கம் ஜெயித்தால் மட்டும் ரூ.100-க்கு ரூ.100. கப்பல் மேஜைகளில் வழக்கமாக உள்ள ஏற்பாடு இதுதான்.

இப்போது பாருங்கள். முதல் பக்கத்தில் ரூ.100 வீதம் நூறு ஆட்டம் கட்டுகிறீர்கள். 51½ ஆட்டத்துக்கு 90 வீதம் வரவு ரூ.4,635. 48½ ஆட்டத்துக்கு 100 வீதம் செலவு ரூ.4,850. நஷ்டம் ரூ.215. அடுத்த பக்கத்தில் கட்டினால் வரவு ரூ.4,850, செலவு ரூ.5,150. நஷ்டம் ரூ.300.

ஒரு பக்கம் கட்டினால் ரூபாய்க்கு இரண்டு காசுக்குச் சற்று மேலே போகிறது. மற்றப் பக்கம் கட்டினால் ரூபாய்க்கு மூன்று காசு போகிறது. உள்ளே என்றாலும் போகிறது, வெளியே என்றாலும் போகிறது. போகிற வேகம்தான் வேறு!

மூன்று காசு மலையாவது எப்படி?

"ரூபாய்க்கு மூன்று காசுதானே, பொழுதுபோக்குக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மூன்று காசு நீங்கள் கையில் கொண்டுபோன பணத்துக்கு அல்ல. பந்தயத்தில் வைத்த பணத்துக்கு. இந்த வித்தியாசம் புரியாமல்தான் குடும்பங்கள் கவிழ்கின்றன.

கையில் ரூ.1,000 எடுத்துக்கொண்டு ஒருவர் உட்காருகிறார். ஆட்டத்துக்கு ரூ.100. நிமிஷத்துக்கு ஓர் ஆட்டம். ஒரு மணி நேரத்தில் அறுபது ஆட்டம், ரூ.6,000 பந்தயம். நாலு மணி நேரத்தில் ரூ.24,000 பந்தயம். அவர் கொண்டுபோனது ஆயிரம்தான். ஆனால் அதே நோட்டுகள் போவதும் வருவதுமாக இருபத்து நாலாயிரம் ரூபாய்க்கு வியாபாரம் ஆகிவிட்டது. ரூ.24,000-க்கு நூற்றுக்கு மூன்று வீதம் ரூ.720. சராசரியாக அவர் வீட்டுக்குத் திரும்பும்போது மடியில் ரூ.280-தான் இருக்கும்.

எல்லோருக்கும் இதே ரூ.280 மிஞ்சும் என்பதில்லை. ஒருவர் ஆயிரத்தை இரண்டாயிரமாக்கிக்கொண்டு போவார். மூன்று பேர் காலியாகப் போவார்கள். ஜெயித்தவர் நாலு பேரிடம் சொல்வார். தோற்றவர் வாயைத் திறக்கமாட்டார். பேட்டையின் எந்த டீக்கடையிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கக்கூடும்:

"என்ன தம்பி, நேத்து ராத்திரி எவ்வளவு?"

"நானூறு ஜெயிச்சேன் அண்ணே!"

"முந்தா நாள்?"

"அது போச்சு அண்ணே."

"எவ்வளவு போச்சு?"

"அதைக் கணக்குப் பார்க்கலே அண்ணே."

அந்தத் தம்பி பார்க்காத கணக்கை ஆட்டம் நடத்துகிறவர் பார்த்து வைத்திருக்கிறார். அவர் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் என்றால் மணிக்கு ரூ.60,000 பந்தயம்; சராசரி ரூ.1,800 வருமானம். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஆட்டம் நிற்காமல் நடந்தால் போதும். சூதாட்ட மாளிகைகளில் கடிகாரமும் ஜன்னலும் கண்ணில் படுவது அரிது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இரட்டிப்பு வித்தை

பழைய ஆட்டக்காரர்கள் ஒரு வித்தை சொல்லிக் கொடுப்பார்கள். "ரூ.10 கட்டு. போனால் ரூ.20 கட்டு. அதுவும் போனால் ரூ.40. எப்போதாவது ஒரு தடவை ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? ஜெயித்தவுடன் போனதெல்லாம் திரும்பி, மேலே பத்து ரூபாய் லாபம்!"

கேட்க அழகாக இருக்கிறது. பத்தில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போனால் ஏழாவது ஆட்டத்தில் கட்ட வேண்டியது ரூ.640. அதுவும் போய்விட்டால் மொத்தம் போனது ரூ.1,270. ஏழு தடவை தொடர்ந்து தோற்பது நடக்கிற காரியமா என்கிறீர்களா? ரூபாய்க்கு மூன்று காசு பக்கத்தில் கட்டுகிறவருக்குச் சராசரி 104 முயற்சிக்கு ஒரு முறை அது நடக்கும். மற்ற 103 முயற்சிகளில் பத்துப் பத்தாக அவர் சேர்த்தது ரூ.1,030. அந்த ஒரே முறையில் விட்டது ரூ.1,270. எறும்பு சேர்த்ததை யானை மிதித்த கதை!

எட்டாவது தடவைக்கு ரூ.1,280 வேண்டும். பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. இருந்தாலும், ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவுக்கு மேல் கட்டக்கூடாது என்று மேஜையில் வரம்பு எழுதி வைத்திருப்பார்கள்.

"ஐந்து தடவை உள்ளேயே விழுந்துவிட்டது, இனிமேல் வெளியேதான்" என்று ஆள் சேர்ப்பவர்களும் உண்டு. சீட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டைப் புதிதாகக் கலைத்துப் போடுகிறார்கள். போன ஆட்டத்தில் நடந்தது சீட்டுக்குத் தெரியாது.

பெரிய பையும் சின்னப் பையும்

உங்களிடம் ரூ.1,000. எதிரே இருப்பவரிடம் ரூ.9,000. ஆட்டத்துக்கு ரூ.100. இரண்டு பேரில் ஒருவர் காலியாகும் வரை எழுந்திருப்பதில்லை என்று உட்காருகிறீர்கள். ஆட்டம் சரிக்குச் சரி நியாயமானது என்றால், பத்தில் ஒரு முறை நீங்கள் அவருடைய பணம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வருவீர்கள்.

இப்போது அந்த மூன்று காசை மட்டும் உள்ளே விடுங்கள். 50-க்கு 50 என்பது 48½-க்கு 51½ ஆகட்டும். பத்தில் ஒன்றாக இருந்த உங்கள் வாய்ப்பு என்ன ஆகும்? எட்டில் ஒன்றா, பன்னிரண்டில் ஒன்றா என்று பலரும் ஊகிப்பார்கள். கணித சாஸ்திரம் சொல்லும் விடை ஏறத்தாழ 490-ல் ஒன்று!

ஒரே ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், நீண்ட ஆட்டத்தில் மனிதனை விழுங்கிவிடுகிறது. எதிரே இருப்பவரின் பை ஒன்பதாயிரம் அல்ல, ஒன்பது கோடி என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தார்ப் கண்டுபிடித்த வழி

இந்தக் கணக்கை யாரும் முறியடித்ததே இல்லையா? ஒருவர் ஓர் ஆட்டத்தில் முறியடித்தார். அமெரிக்காவில் "பிளாக்ஜாக்" என்று ஒரு சீட்டாட்டம். சீட்டுகளின் எண்ணிக்கை 21-ஐத் தாண்டாமல் அதற்குக் கிட்டே போக வேண்டும். மங்காத்தாவில் முந்துகிறவனுக்கு அனுகூலம் என்று பார்த்தோம். பிளாக்ஜாக்கில் நேர் எதிர். அங்கே ஆட்டக்காரர் முதலில் சீட்டு வாங்கி முடிக்க வேண்டும். 21-ஐத் தாண்டினால் உடனே அவர் பணம் போயிற்று. பிறகு மேஜைக்காரரும் தாண்டினாலும் போனது திரும்பாது. இருவரும் தோற்றால் மேஜைக்காரருக்கு ஜெயம்!

ஆனால் அந்த ஆட்டத்தில் போட்ட சீட்டை உடனே திரும்பக் கலைப்பதில்லை. எந்தச் சீட்டுகள் போய்விட்டன என்று நினைவு வைத்துக்கொண்டால், மிச்சம் இருப்பவை யாருக்கு அனுகூலம் என்று தெரியும். கணிதப் பேராசிரியர் எட்வர்டு தார்ப் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, 1962-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். சூதாட்ட விடுதிக்காரர்கள் நடுங்கிப் போனார்கள். பிறகு என்ன செய்தார்கள்? ஒரு கட்டுக்குப் பதில் பல கட்டுகளைச் சேர்த்தார்கள், அடிக்கடி கலைத்தார்கள், கணக்குப் போடுகிறவர் என்று சந்தேகப்பட்டால் "எழுந்து போங்கள்" என்றார்கள். அனுகூலம் தம் பக்கம் இருக்கும் வரைதான் விடுதிக்காரர் ஆடுவார் என்பது தெளிவாயிற்று.

சட்டமும் கணக்கும்

நம் ராஜ்யத்தில் இதற்கெல்லாம் பழைய சட்டங்கள் உண்டு. சென்னை நகரத்துக்கு 1888-ம் வருஷத்துப் போலீஸ் சட்டம்; வெளியூர்களுக்கு 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம். சூதாட்ட விடுதி எது என்று அந்தச் சட்டங்கள் சொல்லும் இலக்கணம் கவனிக்கத்தக்கது. இடத்துக்கோ சீட்டுக்கட்டுக்கோ சொந்தக்காரர் அதனால் லாபம் அடைகிறாரா என்பதே முக்கியமான கேள்வி. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!

1967-ல் ஆந்திர மாநிலத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு ரம்மி ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைப்பது எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூன்று சீட்டு ஆட்டம் போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதல்ல என்றது. அதோடு, ஆட்டத்தை வைத்துக் கிளப் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் குறிப்பிட்டது. முதல் பாதியை எல்லோரும் நினைவு வைத்தார்கள். இரண்டாம் பாதி எளிதில் மறந்துபோயிற்று.

அந்த இரண்டாம் பாதியின் கணக்கு என்ன? சம திறமையுள்ள ஆறு பேர் ஆளுக்கு ரூ.100 போட்டு ரம்மி ஆடுகிறார்கள் என்று வையுங்கள். பானையில் ரூ.600. நடத்துகிறவர் பத்தில் ஒரு பங்கு கழிவு என்று ரூ.60 எடுத்துக்கொண்டால், ஜெயித்தவருக்கு ரூ.540. நூறு ஆட்டத்துக்கு ஒவ்வொருவரும் சராசரி 16, 17 தடவை ஜெயிப்பார்கள். ஆனால் கைநஷ்டம் இல்லாமல் இருக்க 18, 19 தடவை ஜெயிக்க வேண்டும். ஆறு பேரும் அப்படி ஜெயிக்க முடியாது. திறமை ஆட்டம்தான்; ஆனாலும் தோற்காதவர் ஒருவரே, ஆடாமல் உட்கார்ந்திருக்கிறவர்.

கைப்பேசியில் ரம்மி வந்த பிறகு இந்தக் கழிவு இரவு பகல் பாராமல் ஓடியது. ஊர் ஊராகக் கடனும் கண்ணீரும் செய்தியாயின. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2020-ல் அவசரச் சட்டம் போட்டது. அதற்குப் பதிலாக வந்த 2021-ம் வருஷத்துச் சட்டத்தைச் சென்னை ஐகோர்ட்டு அதே வருஷம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைக்கப்பட்டது. 2023-ல் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. அந்த நவம்பரில் ஐகோர்ட்டு சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கடைசியாக, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதையும், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடுக்கும் சட்டம் அது.

திறமையா, அதிர்ஷ்டமா என்று இத்தனை வருஷம் கோர்ட்டுகளில் வாதம் நடந்தது. ஆடுகிறவன் குடும்பத்துக்கு வேண்டிய கேள்வி அது அல்ல.

மூன்று கேள்விகள்

சீட்டோ, பரிசுச் சீட்டோ, ஏலச்சீட்டோ, பணம் கைமாறும் எந்த இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நடுவில் கழிவு எடுக்கிறவர் யார்? நூற்றுக்கு எவ்வளவு எடுக்கிறார்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்கிறார்?

ஒழுங்காகப் பதிவு செய்து நடத்தும் ஏலச்சீட்டில் நடத்துகிறவருக்குக் கழிவு உண்டு. ஆனால் அது மாதத்துக்கு ஒரு தடவை. இவ்வளவுதான் என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. 1968-ல் அரசு ஆரம்பித்த பரிசுச் சீட்டில் கழிவு பெரியது. 2003-ல் லாட்டரி இங்கே தடை செய்யப்படும் வரை அதில் பட்டவர்கள் பலர். மங்காத்தாவில் கழிவு மிகச் சிறியது. ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை. சின்னதாக இருப்பதுதான் அதன் சாமர்த்தியம். பெரிதாக எடுத்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்களே!

திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் முதலிலேயே அவர் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் இரையென்று விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். நேற்று ராத்திரி ஜெயித்த நானூறு ரூபாய் அந்த இரை. முள்ளின் கனம் ரூபாய்க்கு மூன்று காசு.